தஞ்சாவூர் ரோட்டில் மனுநீதி

திருவெறும்பூர் போகும் டவுன் பஸ் பால்பண்ணையைத் தாண்டினால் முந்தானையும் கைக்குட்டையும் தாமாகவே மூக்குக்குப் போகும். இரண்டு நிமிடம்தான், பிறகு மூச்சு விடலாம். அரியமங்கலத்துக்காரர்களுக்கு அந்த இரண்டு நிமிடம், குப்பைக் கிடங்கு வந்த 1967-ல் தொடங்கியது.

1994-ல் ஸ்ரீரங்கத்தையும் பொன்மலையையும் சேர்த்துக்கொண்டு திருச்சி மாநகராட்சி ஆனது. குப்பைக்கும் பதவி உயர்வு. தில்லைநகர் பிரியாணிப் பொட்டலமும் ஸ்ரீரங்கத்து உத்தர வீதி வாழை இலையும் 47 ஏக்கரில் சாதி பார்க்காமல் ஒன்றாக மக்கின. சாதி பார்த்ததெல்லாம் அதை அள்ளும் கைகளைப் பொறுக்கி எடுத்தபோதுதான்.

சட்டம் தூங்கிவிட்டது என்று யாரும் பழி போட முடியாது. குப்பையைத் தரம் பிரித்துப் பதப்படுத்தும் ஆலைகளை 2003 டிசம்பர் 31-க்குள் அமைத்துவிட வேண்டும் என்று 2000-லேயே மத்திய அரசு விதி போட்டது. கெடு வந்தது, போனது. அதற்கப்புறம் அரியமங்கலத்தில் பிறந்த குழந்தைகள் எரியும் குப்பையின் புகையிலேயே வளர்ந்து ஓட்டுப் போடும் வயதுக்கு வந்துவிட்டார்கள்.

2016 விசேஷமான வருஷம். தூய்மை நகரங்களின் தேசியப் பட்டியலில் 73 ஊர்களில் திருச்சிக்கு மூன்றாம் இடம். அதே வருஷம் வந்த புது விதி, குப்பை நிரப்பும் இடம் நெடுஞ்சாலையிலிருந்தும் குடியிருப்பிலிருந்தும் 200 மீட்டர், விமான நிலையத்திலிருந்து 20 கிலோமீட்டர் தள்ளி இருக்க வேண்டும் என்றது. அரியமங்கலம் கிடங்குக்கு வாசலே தஞ்சாவூர் நெடுஞ்சாலை. விமான நிலையம் கூப்பிடு தூரம். விதி புதிதாக வரும் கிடங்குக்காம். பழைய பாவத்துக்கு வயதில் மூத்தது என்ற மரியாதை!

அந்த டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயமும் தன் பங்குக்குப் பேசியது: திறந்தவெளியில் குப்பை எரித்தால் 5,000 ரூபாய் அபராதம், மொத்தமாக எரித்தால் 25,000. கிடங்குகளுக்கும் இது பொருந்தும், உள்ளாட்சியே பொறுப்பென்றாலும் தப்ப முடியாது. தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். ஆனால் கோடையில் அரியமங்கலம் பற்றிக்கொண்டால் எரித்தவர் யார்? வெயில். அல்லது மீத்தேன். இரண்டுக்கும் நோட்டீஸ் அனுப்ப முகவரி கிடையாது. பக்கத்து அம்பிகாபுரத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு, இருமும் பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருப்பவளுக்கு மட்டும் முகவரி உண்டு. வரி ரசீது அங்கே தவறாமல் வந்துவிடும்.

பிறகு ஸ்மார்ட் சிட்டி வந்தது. பழைய குப்பையைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கச் சுமார் 49 கோடி ரூபாய். ஒரு பக்கம் சலிக்க, மறுபக்கம் லாரி வந்து புதிதாகக் கொட்டியது. கோடியில் சம்பளம் வாங்கும் சல்லடைக்கு வேலை தீர்ந்துவிடக் கூடாதல்லவா?

இதே ரோட்டைப் பிடித்துப் போனால் தஞ்சாவூர், அதற்கப்பால் திருவாரூர். பசுவின் முறையீட்டைக் கேட்டு, அதன் கன்றுக்குட்டிக்காகப் பெற்ற மகனையே தேர்க்காலில் இட்டதாகச் சொல்லப்படும் மனுநீதிச் சோழனின் ஊர். நம் அரசாங்கம் அவன் பெயரில் மனுநீதி நாள் நடத்துகிறது. திங்கட்கிழமை தோறும் கலெக்டர் ஆபீசில் குறைதீர்க்கும் நாள் வேறு. கிடங்கைப் பற்றி மனு கொடுத்தால் என்ன ஆகும்? 'தக்க நடவடிக்கைக்காக' மாநகராட்சிக்கே போகும். யார் மேல் புகாரோ அவர் மேஜைக்கே. அந்தக் காலத்தில் இந்த வித்தை தெரியாமல் போயிற்று. தெரிந்திருந்தால் பசுவின் புகாரை இளவரசனுக்கே அனுப்பிவைத்து, பிள்ளையைக் காப்பாற்றியிருப்பான் அந்த அப்பாவி ராஜா.

மாமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கிடங்கு எரியும்போது கூட்டத்தை அங்கேயே கூட்டுங்கள். ஷாமியானா போதும், ஏசி வேண்டாம். முதல் தீர்மானம்: அந்தந்த வார்டுக் குப்பை அந்தந்த வார்டிலேயே இருக்கட்டும். தில்லைநகருக்கும் ஸ்ரீரங்கத்துக்கும் அதில் சம்மதமில்லை என்றால், அரியமங்கலம் எந்தத் தேதியில் சம்மதித்தது என்று பதிவேட்டைப் புரட்டிக் காட்டுங்கள்.