ஜ்யேஷ்ட பீட நிர்ணயம்

இளைய குழந்தை பிறந்து தள்ளுவண்டியின் ஆசனத்தை ஏற்றுக்கொண்ட தினத்திலிருந்து, அதுகாறும் அவ்வாசனத்தில் ஏகபோகமாய் வீற்றிருந்த மூத்த குழந்தைக்கு எவ்விடம் உரியது என்னும் வினா, நடைபாதையில் நடந்தே காரியங்களை முடிக்க வேண்டிய லண்டன் போன்ற நகரங்களில் நாள்தோறும் எழுந்தவண்ணம் இருக்கிறது. தம்பியோ தங்கையோ பிறந்ததும் தலைப்பிள்ளை அடையும் நிலையை, அரியணை இழந்த அரசனின் நிலையாகவே வியன்னா நகரத்து மனோதத்துவ அறிஞர் ஆல்பிரட் ஆட்லர் வருணித்தார். பட்டமிழந்த அரசர்களுக்கு நம் தேசத்தில் மானியம் வழங்கினார்கள்; லண்டன் தாய்மார் வண்டியின் பின்அச்சில் சக்கரம் வைத்த ஒரு பலகையை மாட்டிக் கொடுக்கிறார்கள். பகி போர்டு என்று கடைகளில் விற்கப்படும் அப்பலகையைத் தேர்ந்தெடுக்கும் முறையே ஈண்டு விசாரணைக்கு உரியது.

பூர்வ சரித்திரத்தை நோக்குமிடத்து, 1733ஆம் ஆண்டளவில் வில்லியம் கென்ட் என்பார் டெவன்ஷயர் பிரபுவின் மக்களுக்காகச் சிப்பி வடிவில் அமைத்துக் கொடுத்த வாகனத்தை ஆடோ மட்டக்குதிரையோ இழுத்ததென்பர். இழுக்கும் பிராணி முன்னால் சென்றமையால், பின்னால் நடந்த எவருடைய முழந்தாளுக்கும் அக்காலத்தில் அபாயமில்லை. மனிதர் பின்நின்று தள்ளும் வழக்கம் அடுத்த நூற்றாண்டில் பரவிய பின்னரே இந்தச் சாஸ்திரத்துக்கு விஷயம் உண்டாயிற்று. பின்னர், ஸ்பிட்ஃபயர் போர்விமானத்தின் சக்கரத் தொகுதியில் பணியாற்றிய ஓவன் மெக்லாரன் 1965இல் காப்புரிமை கோரிய மடக்கு வண்டி, அலுமினியக் குழாய்களால் ஆகி, மூன்று கிலோவுக்கும் குறைந்த எடையுடன் உலகை மயக்கியது. இலேசு என்பது அவ்வண்டிக்குக் குணம்; ஆனால் பின்னால் நிற்கும் நான்கு வயதுப் பிள்ளை பிடியைப் பற்றிக்கொண்டு மல்லாந்து சாயுங்கால், முன்னிருக்கும் கைக்குழந்தையின் பாரம் போதாமல் முன்சக்கரங்கள் நிலத்தை விட்டெழும்போது, அக்குணமே தோஷமாக மாறுகிறது.

பலகை வாங்கச் செல்வோர் முதலில் கேட்பது எடை வரம்பையே. பெரும்பாலான பலகைகள் 20 கிலோ வரையிலும், சில அதற்குச் சற்று மேலும் தாங்கும் என்று எழுதியிருக்கிறது. நான்கு வயதுப் பிள்ளை ஏறத்தாழ 16 கிலோ இருக்கும்; 20 கிலோவைத் தொடுவதற்குள் பள்ளிக்கூடம் போய், தோழர் காண வண்டியில் தொற்றிச் செல்வதை அவமானமாகக் கருதத் தொடங்கிவிடும். ஆதலின் எடையைப் பற்றிய கவலை, என் அபிப்பிராயத்தில், வீண் கவலையே.

உண்மையான பிரச்சினை வேறிடத்தில் இருக்கிறது. சாதாரணமாக வண்டி தள்ளுவோர் பிடியினின்றும் ஒரு முழம் பின்தள்ளி நடப்பர். பலகையும் அதன்மேல் பிள்ளையும் குடியேறுவது அந்த ஒரு முழத்திலேதான். எட்டு வைக்குந்தோறும் பலகையின் விளிம்பு முழந்தாளுக்குக் கீழே முன்னெலும்பில் இடிக்க, அதனை நீக்கும்பொருட்டுச் சிலர் கால்களை அகட்டி நடப்பர். சிலர் கைகளை நீட்டி முதுகை வளைத்து நடப்பர். இன்னுஞ் சிலர் ஒருபக்கமாக ஒதுங்கி, வண்டி கோணலாக ஓட, அதனைத் திருத்திக்கொண்டே செல்வர். பிள்ளை இறங்கிய பின் பலகையைத் தூக்கி வாரினால் பிடியில் மாட்டிவிட்டால் துன்பம் ஒழிந்ததென்று எண்ணுவதற்கில்லை. அது தொங்கியவாறே ஆடி, முன்னர் இடித்த அதே ஸ்தானத்துக்குச் சற்று மேலே இடிக்கும். நிறுத்துகட்டையின் மிதிபடியும் பலகைக்கு அடியிலே மறைந்துவிடுவதால், தபால்பெட்டி முன் நின்று கால்விரலால் அதைத் துழாவுவோரை எந்தத் தெருவிலும் காணலாம்.

நிற்கும் பலகையா, அமரும் இருக்கையுடன் கூடியதா என்பதில் இரண்டு மதங்கள் உண்டு. ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில், முருங்கைக்காயும் கறிவேப்பிலையும் நிறைந்த பெட்டிகள் நடைபாதையைப் பாதி விழுங்கியிருக்கும் இடத்தில், "இறங்கி நட, ராசா" என்று தாய் கெஞ்ச, "எனக்குக் கால் நோகுது அம்மா" என்று பிள்ளை பலகையை விட்டு அசையாது நிற்கும் காட்சியைக் கண்டோர், நிற்பதற்கு நோகாத கால் நடப்பதற்கு மட்டும் நோவதன் காரணத்தை ஆராயப் புகார். இருக்கை இரண்டு வயதினருக்கு உபகாரமானதே. எனினும் அது பின்னோக்கி நீண்டு, மேற்சொன்ன ஒரு முழத்தில் எஞ்சியதையும் கவர்ந்துகொள்கிறது.

பொருத்தம் பார்ப்பதில் விரிவாகச் சொல்ல அதிகமில்லை: நேரான பின்அச்சு இருக்கிறதா, அன்றிக் குறுக்குச் சட்டங்கள்தாமா என்று வண்டியைக் கவிழ்த்துப் பார்த்தால் தெரிந்துவிடும். பேருந்து ஏறுவோர்க்கு மட்டும் ஒரு வார்த்தை. சக்கர நாற்காலிக்குரிய இடத்தில் நிற்கும் குழந்தை வண்டியை அகற்றும்படி ஓட்டுநர் கேட்பதோடு நில்லாமல் மேலும் வற்புறுத்த வேண்டும் என்னும் பொருள்பட 2017இல் பிரிட்டன் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அவ்வேளையில் வண்டியை மடக்க வேண்டும். மடக்குமுன் பலகையைப் பெரும்பாலும் கழற்ற வேண்டும். கழற்றும் கையில் கைக்குழந்தை இருக்கும். எனவே ஒற்றைக் கையால் கழலாத பலகையைப் பேருந்துப் பிரயாணி தீண்டலாகாது.

மேற்கூறியவற்றால், அளக்கப்பட வேண்டியது ஏறும் பிள்ளையின் எடையன்று, தள்ளுபவரின் எட்டு என்பது சித்திக்கிறது. தள்ளுபவர் யார் என்பதும் அதனோடு தீர்மானிக்கப்பட வேண்டும். சனிக்கிழமை ஒருநாள் மட்டும் வண்டி பிடிக்கும் நெடிய தந்தையே கடையில் பலகையைப் பரீட்சிக்கிறார். மற்றை நாட்களில் நர்சரிக்கும் கடைக்கும் அதைத் தள்ளிச் செல்பவர் அம்மம்மா. சேலை உடுத்தவரின் எட்டு இயல்பாகவே சிறிது. தந்தையின் எலும்பைப் பதம் பார்த்த பலகை அவரைத் தொடுவதேயில்லை. ஆனால் சேலைக்கரை சக்கரத்தில் அகப்படுமே என்னும் ஆட்சேபம் நியாயமானது. அதற்குப் பரிகாரம், பணம் கொடுப்பதற்கு முன் அம்மம்மாவைக் கடைக்கு அழைத்துச் சென்று, பிள்ளையை ஏற்றி, பால்மா டப்பாக்களின் இடைவழியில் இருமுறை போய்வரச் செய்வதே. கரையைச் சற்று உயர்த்திச் செருகிக்கொள்வதா, பலகையை வேண்டாமென்பதா என்று அவரே சொல்லிவிடுவார்.