சனிக்கிழமை விவசாயி

சென்னையிலிருந்து செங்கல்பட்டு, மதுராந்தகம், திண்டிவனம் என்று தெற்கே போகும் சாலையில், சனிக்கிழமை காலையில் ஒரு வகை மனிதரைத் தவறாமல் பார்க்கலாம். காரின் பின்சீட்டில் புத்தம்புது மண்வெட்டி, விலைச்சீட்டுகூடக் கிழிக்காத கம்பூட்ஸ், ஒரு கேன் பஞ்சகவ்யம். ஐம்பது சென்ட் நிலம் வாங்கியிருக்கிறார். வாங்குமுன் அவர் பேச்செல்லாம் மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, நாட்டு மாடு. வாங்கிய பிறகு பேசுவது இரண்டே விஷயம்: கோரை, சீமைக் கருவேலம். அலுவலக லிப்டில் அவர் ‘களை’ என்று ஆரம்பித்தால் எட்டாவது மாடிக்குப் போக வேண்டியவர்கள் மூன்றிலேயே இறங்கிக்கொள்கிறார்கள். நிலத்துக்கு அக்கம்பக்கத்தில் இருப்பவர்களோ, பொழுது போகாமல் வந்து போகிற பணக்காரர் என்று அவரை ஒதுக்கிவிடுகிறார்கள். இது அநியாயம். வாரத்தில் ஒரு நாள்தான் என்றாலும் அந்த ஒரு நாளில் அவரைப்போல் வியர்வை சிந்துகிறவர் அந்த வட்டாரத்திலேயே இல்லை. ஆனால் சிந்தும் வியர்வை முழுவதும் களைக்குத்தான் பாய்கிறது. களை எடுப்பதாக நினைத்துக்கொண்டு அவர் முறைப்படி களைச் சாகுபடி செய்துகொண்டிருக்கிறார். கேலிக்காகச் சொல்லவில்லை, சான்று இருக்கிறது.

முதலில் கோரை. மேலே நாலு தாள்தான் தெரியும். பிடித்து இழுத்தால் ‘பட்’டென்று கையோடு வந்துவிடும், அதில் அவருக்குக் கிடைக்கும் திருப்தி சொல்லி மாளாது. சரக்கெல்லாம் கீழே இருக்கிறது. மெல்லிய வேர்த்தண்டில் கருத்த கிழங்குகள் ருத்திராட்ச மாலை மணிகள்போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்திருக்கும். மாலை அறுபடாமல் இருக்கும்வரை ஒன்றிரண்டு முளைவிட, மற்றவை பெரும்பாலும் உறங்கும். அறுந்தால் உறங்கியதெல்லாம் விழித்துத் தனித்தனியே முளைக்கும். நம்மவர் என்ன செய்கிறார்? முதல் மழை பெய்து மண் பதமானதும் வாடகைக்கு ரோட்டவேட்டர் வரவழைக்கிறார். நிலம் மாவாகிறது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படம் போகிறது. மதுரை அத்தை கைகூப்பி வாழ்த்துகிறார். அந்த எந்திரம் செய்தது, மாலைகளை அறுத்து மணிமணியாக ஈர மண்ணில் நட்டதுதான். நெல் நாற்றுக்குக்கூட இவ்வளவு கவனிப்பு கிடைப்பதில்லை. முளைத்த கோரை மூன்று நான்கு வாரத்தில் புதுக் கிழங்கு கட்டத் தொடங்கும். அதற்குள் திரும்பத் திரும்பக் கொத்திக்கொண்டே இருந்தால் கிழங்கில் உள்ள இருப்பு கரைந்து ஓயும். முதல் மாதம் வாராவாரம் வருகிறார், உண்மை. இரண்டாவது மாதம் ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து. மூன்றாவது மாதம் அடைமழை, கார் சேற்றில் இறங்காது. கோரைக்கு அந்த இடைவெளி ஏராளம். ‘பாயாவது முடையலாமே’ என்று வீட்டில் சொல்லும் யோசனையும் பலிக்காது; பத்தமடைப் பாய்க்கான கோரை வேறு இனம்.

சீமைக் கருவேலத்தில் சான்று இன்னும் துலக்கம். முள்மரத்தை இளசிலேயே வெட்டிவிடச் சொன்னார் வள்ளுவர். நம்மவர் கிரயம் பண்ணும்போதே மரத்துக்குப் பத்து வயது. ஏழு மணிக்குக் கோடாலியை ஓங்குகிறார். எட்டரைக்குச் சட்டைக் கை கிழிகிறது, செருப்பைத் துளைத்த முள் குதிகாலில் இறங்குகிறது. பத்து மணிக்கு மரம் சாய, தரையை ஒட்டி நிற்கும் அடிக்கட்டையின்மேல் ஒரு காலைத் தூக்கி வைத்துப் படம் எடுத்துக்கொள்கிறார். ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கம் கரிமூட்டம் போடுகிறவர்களும் இதே மரத்தை ஏறக்குறைய இப்படித்தான் வெட்டுகிறார்கள். அவர்களுக்கு அடுத்த வெட்டுக்கும் மரம் வேண்டும். தூரை விட்டு வெட்டினால் ஒன்றுக்கு நாலாகக் கிளைக்கும், சில ஆண்டில் மறுபடி விறகாகும். அவர்கள் கரிக்குக் காசு வாங்குகிறார்கள். இவர் அதே வேலையைக் கைக்காசு போட்டுச் செய்கிறார். மரம் சாக வேண்டுமானால் சுற்றிலும் மண்ணைத் தோண்டி, துளிர்விடும் தூர்ப்பகுதி முழுவதும் வெளியே வரும்படி, தரைக்குக் கீழே ஓரடி அளவுக்கு இறங்கி வேரை அறுத்துப் பெயர்க்க வேண்டும். இதில் படம் எடுக்க ஒன்றும் இல்லை. குழிக்குள் குனிந்த முதுகுதான் தெரியும். ஆகவே குறுக்கு வழிகள் தொடங்குகின்றன. அடிக்கட்டையில் ஓட்டை போட்டுப் பெருங்காயம் வைக்கிறார், கல்லுப்பைக் கொட்டுகிறார், பழைய டயரைப் போட்டுக் கொளுத்துகிறார். உப்பு முதலில் மண்ணைத்தான் கெடுக்கும். பெருங்காயம் வைத்த தூர் அடுத்த மழைக்கு மணக்க மணக்கத் துளிர்க்கிறது.

இதற்கு நடுவே, இயற்கை விவசாயம் என்பதால் ஆட்டுக்கிடை போடுகிறார். நல்ல வழக்கம்தான். ஆனால் அந்த ஆடுகள் ஊரெல்லாம் மேய்ந்தது இனிப்பான கருவேல நெற்று. கெட்டித் தோல் கொண்ட விதை வயிற்றில் ஊறி, எருவோடு வெளியே வந்து, முன்னைவிடச் சுலபமாக முளைக்கிறது. 1870களில் விறகுக்காக ஜமைக்காவிலிருந்து இந்த விதையைத் தருவித்த வெள்ளைக்கார வனத்துறைகூட விதைக்கு இப்படி உரம் சுற்றிக் கொடுத்திருக்காது. இரண்டாம் ஆண்டில் நம்மவர் ஜப்பானிய இயற்கை விவசாயி ஃபுகுவோகாவின் ‘ஒற்றை வைக்கோல் புரட்சி’யைப் பாதி படித்துவிட்டு, களை எடுப்பதே பாவம் என்று அறிவிக்கிறார். ஃபுகுவோகா வைக்கோலை விரித்தார், க்ளோவர் என்ற தீவனச் செடியை விதைத்து மண்ணை மூடினார், எதை எந்த வாரத்தில் விதைப்பது என்று ஆண்டுக்கணக்கில் பார்த்துக்கொண்டே இருந்தார். அது மீதிப் பாதியில் இருக்கிறது. மூன்றாம் ஆண்டில் யாருக்கும் தெரியாமல் களைக்கொல்லி. 2022 அக்டோபரில் மத்திய அரசு, கிளைபோசேட்டைப் பயிற்சி பெற்ற பூச்சிக் கட்டுப்பாட்டாளர்கள் மட்டுமே பயன்படுத்தலாம் என்று கட்டுப்படுத்திவிட்டதால் கடைக்காரரிடம் குரலைத் தாழ்த்தியே கேட்கிறார். அந்த மருந்து பச்சை இலைவழியே இறங்கிக் கிழங்குவரை போய்ச் சேர வேண்டும்; இவரோ முதல் நாள்தான் பிரஷ்கட்டரால் இலையையெல்லாம் வழித்திருக்கிறார். கலக்கியது கலங்கல் தண்ணீரில். மண்துகளில் ஒட்டிச் செயலிழக்கும் மருந்து அது. மேலே தெளிப்பது சம்பிரதாயமாக முடிகிறது.

‘ஜேசிபி இருக்க இத்தனை பேச்சு எதற்கு?’ என்று கேட்பீர்கள். தூர் எடுக்க ஜேசிபி சரியான ஆயுதம்தான், மறுக்கவில்லை. ஆனால் அது தூரோடு நிறுத்திக்கொள்வதில்லை; அடிமண்ணை மேலே கொண்டுவந்து, உள்ளே கிடந்த விதைக்கு வெளிச்சம் காட்டி, கோரைக் கிழங்கைப் புது மூலைகளுக்கும் பரப்பிவிட்டுப் போகும். ஆறு மாதம் அந்த இடத்தைக் கவனிக்க ஆள் இருந்தால் சரி. ‘மனையாகிக் கான்கிரீட் ஏறாமல் ஒரு துண்டு நிலத்தைக் காப்பாற்றுகிறாரே, அவரைப் போய்க் குறை சொல்லலாமா?’ என்பது இதைவிட வலுவான கேள்வி. அந்த நல்ல மனசுக்கு ஒரு கும்பிடு. ஆனால் புண்ணியத்தின் செலவைப் பக்கத்துக் கழனிக்காரர் கட்டுகிறார். 1950களில் புனே பக்கம் கண்ணில் பட்டு நாடு முழுவதும் பரவிய பார்த்தீனியக் களை, அவர் நிலத்தில் ஒரு செடி நின்றாலும் ஆயிரக்கணக்கில் விதை போடும்; அவர் போட்டிருக்கும் சோலார் வேலி மாட்டைத்தான் தடுக்கும், காற்றைத் தடுக்காது.

பரம்பரை விவசாயி மட்டும் கோரையை ஒழித்துவிட்டாரா என்றால், இல்லை. ஒழிப்பது அவர் நோக்கமே இல்லை. நெல் வயலில் தண்ணீர் கட்டி அடக்குகிறார். தக்கைப்பூண்டை நெருக்கி விதைத்து நிழலில் வாட்டுகிறார், ஏனென்றால் கோரைக்கு நிழல் ஆகாது. எல்லாவற்றுக்கும் மேல், சித்திரை வெயிலில் காய்ந்த நிலத்தை உழுது கிழங்கை மேலே புரட்டிப் போட்டுக் காயவிடுகிறார். ஈரத்தில் உழுதால் நடவு, வெயிலில் உழுதால் களையெடுப்பு. வித்தியாசம் மாதத்தில் இருக்கிறது. இதை அவர் நம்மவரிடம் சொல்லாமலும் இல்லை. “சித்திரையில வாங்க சார், ரெண்டு உழவு ஓட்டிப் போட்டா காஞ்சு சருகாயிடும்.” “சித்திரையிலயா அண்ணே? பசங்களுக்கு லீவு, கொடைக்கானல் போறோமே.” நிலத்தில் நிற்க முடியாத அந்தக் கோடையில்தான் களைக்குச் சாவு, அந்தக் கோடையில்தான் நம்மவருக்குக் குளிர்ப்பிரதேசம்.

தரகர்கள் நிலம் காட்டுவதும் இதே கோடையில்தான். கோரைத் தாள் கருகி, தரை துடைத்துவிட்டதுபோல் கிடக்கும். கருவேலத்தைத் தரையோடு வெட்டி மண்ணைப் பரப்பியிருப்பார்கள். உங்களுக்குத் தெரிந்த யாராவது ஐம்பது சென்ட் வாங்கும் யோசனையில் இருந்தால், முன்பணம் கொடுக்குமுன் ஐப்பசியில், இரண்டு மழைக்குப் பிறகு, ஒரு கடப்பாரையோடு போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். நாலு மூலையிலும் நடுவிலும் ஓரடி தோண்டினால் போதும்.