துரை வேலை, துரை வீடு

வீட்டிலிருந்தே வேலை என்பது 2020 மார்ச் ஊரடங்கோடு வந்த புதுமை என்று கொழும்பு நினைக்கிறது. வீட்டையும் அலுவலகத்தையும் பிரித்து வைக்க முடியவில்லையே என்று எத்தனை புலம்பல், எத்தனை ஆலோசனை! மலையகத்தின் தலவாக்கலைத் தேயிலைத் தோட்டங்களில் யாருக்கும் இந்த ஆலோசனை தேவைப்படவில்லை. காம்பரா எனும் லயத்து அறை தோட்டத்துக்குச் சொந்தம். இஸ்தோப்பு எனும் முன்திண்ணையை விட்டு இறங்கினால் தேயிலை மலை. வேலைக்கும் வீட்டுக்கும் தோட்ட அதிகாரியான துரை ஒருவரே. பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள் அடுப்பு, படுக்கை, பிள்ளையின் படிப்பு எல்லாம் அடங்கிவிடுவதால், மேசையை எந்த மூலையில் போடுவது என்ற கவலையும் இல்லை.

கொழுந்தை வீட்டிலிருந்து பறிக்க முடியாதே என்பீர்கள். உண்மைதான். அதனால்தான் நாடே கதவடைத்தபோதும் தேயிலைக்கு விலக்குக் கிடைத்தது, கூடைகள் மலையேறின. மடிக்கணினியோடு ஊர் திரும்பிய லயத்துப் பிள்ளைகள் உண்டே என்றால், அவர்களுக்கு 2022 மின்வெட்டு காத்திருந்தது. 150 மெகாவாட் மேல் கொத்மலைத் திட்டத்தின் அணை இருப்பது இதே தலவாக்கலையில்தான்; வெளிச்சம் மட்டும் வெளியூர் போய்விட்டது. அதே ஆண்டு ஜூனில், பயிர் செய்யட்டும் என்று அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தந்தார்கள். வாரம் முழுக்கப் பயிரோடு நிற்பவர்கள் அந்தப் பட்டியலில் இல்லை. வீட்டிலிருந்து வேலை செய்ய இணையம் வேண்டும், மின்சாரம் வேண்டும். அதற்கு முன் வீடு வேண்டும். ஐயாமாரே, முதலில் காணி உறுதியைக் கொடுங்கள். ஆலோசனையைப் பிறகு கேட்டுக்கொள்கிறோம்.