நோ சிக்னல்

கேமரன் மலையில் எது காணாமல் போனாலும் முதலில் காட்டுக்குள்தான் தேடுவார்கள். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டு வியாபாரத்தில் பேர் வாங்கிய அமெரிக்கர் ஜிம் தாம்சன், தானா ராத்தா பக்கத்தில் தங்கியிருந்த பங்களாவை விட்டு வெளியே போனவர் திரும்பவேயில்லை. போலீஸ், ராணுவம், ஓராங் அஸ்லிகள், போமோக்கள் என்று ஒரு பட்டாளமே காட்டைச் சல்லடை போட்டது. ஆள் இன்றுவரை அகப்படவில்லை. என் லேப்டாப்பின் படம் மானிட்டரில் வராமல் போனபோது எங்கள் தோட்டத்துச் சனமும் அந்த வழக்கப்படியே தேடுதலில் இறங்கியது.

மானிட்டர் பழையதுதான், ஆனால் நல்ல அகலம். சுவிட்சைப் போட்டால் கறுப்புத் திரையில் 'நோ சிக்னல்' என்று ஒரு சின்னப் பெட்டி மூலைக்கு மூலை நடை பழகும். பக்கத்து வீட்டு அக்கா பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிட்டார்: "பனி உள்ள எறங்கிருக்கும் தம்பி. வெயில்ல வை லா." இந்த மலையில் மத்தியானத்துக்கு மேல் வெயிலுக்கு எங்கே போவது? சித்தப்பா மகன் விண்டோஸையே அழித்துவிட்டுப் புதிதாக ஏற்றலாம் என்றான். அவனுக்குக் காய்ச்சல் வந்தாலும் அதைத்தான் சொல்வான். டவுன் கடைக்காரர் லேப்டாப்பைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. "போர்டு போச்சு அண்ணே, 350 வெள்ளி ஆகும்."

கடைசியில் மாமா வந்தார். தேயிலைத் தொழிற்சாலையில் பிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர், கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. "ரோலர் சும்மா சுத்துதுன்னா எல்லாரும் ரோலரைத்தான் ஒதைப்பானுங்க மாப்ளே. கொழுந்து வாட்டுற தொட்டியிலேருந்தே வந்திருக்காது. எங்க நின்னுச்சுன்னு பாரு" என்றபடி வயரைக் கையில் எடுத்தார். மானிட்டரோடு கடையில் கொடுத்த டைப்-சி வயர். "இது போன் சார்ஜ் போடுற வயர் மாதிரி சன்னமா இருக்கே?"

சார்ஜ் வயரேதான். டைப்-சி வந்ததிலிருந்து உலகத்துக்கே இந்தத் தலைவலி. எல்லா வயருக்கும் வாய் ஒன்றுதான். ஆனால் சிலது மின்சாரத்தோடு நிறுத்திக்கொள்ளும், சிலதுதான் படத்தையும் கடத்தும். லேப்டாப்பில் இருக்கும் ஓட்டையும் அப்படியே. அதற்கு டிஸ்பிளே போர்ட் வசதி இல்லையென்றால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய வயரும் பயனில்லை. பழைய விஜிஏ புரொஜெக்டர் வைத்திருக்கும் பள்ளிக்கூடங்களின் கதை வேறு. விஜிஏ 1987-இல் வந்த அனலாக் சமாசாரம், எச்டிஎம்ஐ டிஜிட்டல். நடுவில் மாற்றித் தரும் சிப் வைத்த அடாப்டர் இல்லாமல், மலிவு வயரால் இரண்டையும் இணைத்துவிட்டுப் படம் வரும் என்று காத்திருந்தால் பள்ளி ஆண்டு விழாவே முடிந்துவிடும்.

வீட்டு டிவியிலிருந்து எச்டிஎம்ஐ வயரைப் பிடுங்கி வந்து மாட்டினோம். அப்போதும் அதே பெட்டி, அதே நடை. மாமா மானிட்டரின் அடியில் தடவி ஒரு பட்டனை அமுக்கினார். பழைய சொந்தக்காரர் இன்புட்டை விஜிஏ-யிலேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். எச்டிஎம்ஐ-க்கு மாற்றியதும் பளிச்சென்று ஒரு நீலக் கடல் விரிந்தது. கடல் மட்டும்தான், நான் திறந்து வைத்திருந்த கணக்குப் பக்கத்தைக் காணோம். மௌஸ் அம்பும் வலப்பக்கம் ஓடி மறைந்தது. "அதையும் தேடணுமா?" என்று அக்கா எழுந்தார். தேவைப்படவில்லை. விண்டோஸ் பட்டனோடு பி-யை அமுக்கினால் நாலு வழி காட்டும். 'எக்ஸ்டெண்ட்' என்றால் இரண்டு திரையும் சேர்ந்து ஒரே நீள மேசை, 'டூப்ளிகேட்' என்றால் இரண்டிலும் ஒரே படம். மாற்றினேன், கணக்கு வந்தது, அம்பும் வந்தது.

உங்கள் மானிட்டரும் இப்படி முரண்டு பிடித்தால், யார் என்ன ஜோசியம் சொன்னாலும் இன்புட் பட்டனையும் வயரையும் பார்க்காமல் லேப்டாப்பைத் தூக்காதீர்கள். அப்புறமும் படம் வரவில்லையென்றால் கடைக்குப் போங்கள். போகும்போது வயரையும் கையோடு எடுத்துப் போய், அங்கிருக்கும் மானிட்டரில் மாட்டிக் காட்டச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு விலை பேசுங்கள்.