புதுமாப்பிள்ளை ஏற்றிய கொடி

1801 மார்ச். "எங்கள் சரக்குக் கப்பலை நடுக்கடலில் நிறுத்திச் சோதனை போட நீ யார்?" என்று டென்மார்க்கும் ரஷ்யாவும் இன்னும் சில நாடுகளும் கூட்டுச் சேர்ந்து பிரிட்டனைக் கேட்டுவிட்டன. கேட்டவர்களுக்குப் பாடம் புகட்டக் கிளம்பிய கடற்படைக்குத் தலைவர் அட்மிரல் சர் ஹைட் பார்க்கர். வயது 61. முந்தைய டிசம்பரில்தான் கல்யாணம், மணப்பெண்ணுக்கு 18. யார்மத்தில் கப்பல்கள் காத்துக் கிடக்க, புதுமாப்பிள்ளை தரப்பில் நடன விருந்துக்கு ஏற்பாடு நடந்துகொண்டிருந்தது. அடுத்த நிலையில் இருந்த நெல்சன் லண்டனுக்கு ஒரு கடிதம் தட்டிவிட்டார். விருந்து ரத்து, கப்பல் புறப்பாடு.

ஏப்ரல் 2, கோபன்ஹேகன். ஆழமில்லாத கால்வாய்க்குள் நுழைந்தவர் நெல்சன். பெரிய கப்பல்களோடு சில மைல் தள்ளி நின்றுகொண்டவர் பார்க்கர். நெல்சனின் 12 பெரிய போர்க்கப்பல்களில் மூன்று ஆரம்பத்திலேயே தரைதட்டின. டேனிஷ்காரர்களோ லேசில் விடுகிற ஆட்களாக இல்லை. மதியம் ஒன்றரை வாக்கில் பார்க்கரின் கப்பலில் 39ஆம் எண் கொடி ஏறியது: சண்டையை நிறுத்து.

'எலிஃபண்ட்' கப்பலின் மேல்தளத்தில் உலாத்திக்கொண்டிருந்த நெல்சன் கேட்ட கேள்வி வேறு. நெருங்கித் தாக்கச் சொல்லும் தம்முடைய 16ஆம் எண் கொடி இன்னும் பறக்கிறதா? பறக்கிறது. அது இறங்கக் கூடாது என்றார். 1797இல் டெனரீஃபில் போன வலக்கையின் மிச்சம் ஆடிக்கொண்டிருந்தது. மனிதருக்குப் பதற்றம் என்றால் அது ஆடும். பிறகு கேப்டன் ஃபோலியிடம், ஒற்றைக் கண்ணனுக்குச் சில நேரம் குருடாக இருக்கும் உரிமை உண்டு என்று சொல்லி, 1794இல் கோர்சிகாவில் பார்வை போன வலக்கண்ணில் தொலைநோக்கியை வைத்தாராம். கொடியா, எங்கே கொடி?

தொலைநோக்கி பிற்பாடு தூவிய மசாலா என்கிற வரலாற்றாசிரியர்களும் உண்டு. கண்டும் காணாமல் இருப்பதைச் சொல்லும் 'டர்ன் எ ப்ளைண்ட் ஐ' என்ற ஆங்கிலத் தொடர் இந்தக் கதையில் பிறந்தது என்பார்கள்; அது நெல்சனுக்கு மூத்தது என்பாரும் உண்டு. இருக்கட்டும். திருட்டு மணல் லாரி தாண்டும்போது வானத்தைப் பார்க்கிறவரையும் இன்று அதே தொடரால்தான் சொல்கிறார்கள். குண்டு மழைக்கு நடுவே நின்றவருக்கு இது கொஞ்சம் அநியாயம்.

பார்க்கரின் கொடியை மதித்தவர் ஒருவர் உண்டு. சிறு போர்க்கப்பல்களை நடத்திய கேப்டன் ரியூ. மனசே இல்லாமல் 'அமேசான்' கப்பலைத் திருப்பினார். திரும்பிய கப்பலின் பின்புறம் டேனிஷ் பீரங்கிகளுக்கு வாகாக அமைந்தது. ஒரு குண்டு அவரை இரண்டாகப் பிளந்துவிட்டது. கொடியைப் பார்க்காதவருக்கோ வெற்றி, விஸ்கவுண்ட் பட்டம், மே மாதத்தில் பார்க்கரின் நாற்காலி.

இத்தனை புகழ் பெற்ற அந்தக் கண், பார்க்க நன்றாகவே இருந்தது. நெல்சன் அதற்குப் பட்டை கட்டியதில்லை. நல்ல கண்ணுக்கு வெயில் படாமல் தொப்பியில் ஒரு மறைப்பு வைத்துக்கொண்டதோடு சரி. கறுப்புப் பட்டையெல்லாம் சினிமாக்காரர்கள் கட்டிவிட்டது.