35 மி.மீ. மோகம்

நம் நாட்டுச் சாலைகளை மனத்தில் வைத்து, பொறியாளர்கள் மண்டையை உடைத்துக்கொண்டு காரைத் தரையிலிருந்து கொஞ்சம் உயர்த்திக் கொடுக்கிறார்கள். வாங்குகிறவர் சொந்தக் காசைப் போட்டு அதை மறுபடி இறக்குகிறார்.

கோவை சரவணம்பட்டிப் பக்கம் குடியிருக்கும் வங்கி ஊழியர் ஒருவருக்கும் அந்த ஆசை வந்தது. அவரிடம் இருப்பது ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த பழைய ஹாட்ச்பேக். முன்பக்க ஸ்ட்ரட் இரண்டிலும் எண்ணெய் கசிந்து, சின்னப் பள்ளத்துக்கே டொக் டொக் என்று சத்தம். எப்படியும் மாற்றித்தான் ஆக வேண்டும். மாற்றுவதுதான் மாற்றுகிறோம், அப்படியே 35 மி.மீ. இறக்கிவிட்டால் என்ன?

பாதிப் பழியை ஊர்மேல் போடலாம். மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவரதன் இந்த ஊர்க்காரர். 2005இல் ஃபார்முலா ஒன்னில் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் இந்த ஊர்க்காரர்தான். செட்டிபாளையத்தில் கரிவரதன் பெயரிலேயே பந்தயத் தடம் இருக்கிறது. சிறுவாணித் தண்ணீரில் கொஞ்சம் பெட்ரோலும் கலந்து வருகிறதோ என்னவோ.

காரை இறக்குவதில் அறிவியல் இல்லாமல் இல்லை. எடையின் மையம் கீழே வந்தால், வளைவில் பாரம் ஒரு பக்கச் சக்கரங்களுக்குச் சாய்வது குறையும். கார் தரையைப் பற்றித் திரும்பும். ஆனால் குட்டை ஸ்பிரிங்குக்கு அமுங்க இடம் குறைவு. அதனால் விறைப்பாகச் செய்தாக வேண்டும். பழைய ஷாக் அந்த விறைப்பை அடக்காது என்பதால் ஸ்பிரிங்கோடு ஸ்ட்ரட்டையும் மாற்றச் சொல்கிறார்கள். சிலர் செலவை மிச்சம் பிடிக்க, இருக்கிற ஸ்பிரிங்கையே கட்டிங் மெஷினில் ஒரு சுற்று வெட்டிவிடுவதுண்டு. வெட்டிய ஸ்பிரிங் கிண்ணத்தில் சரியாக உட்காராது. நம்மவர் அந்த அளவுக்குத் துணிந்தவர் அல்லர்.

ஸ்பிரிங்கையும் ஷாக்கையும் ஸ்ட்ரட் என்ற ஒரே காலாகச் சேர்த்து, சக்கரத்தையும் அதிலேயே தாங்க வைத்தவர் எர்ல் மெக்பர்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர். ஜெனரல் மோட்டார்ஸ், செவர்லே கேடட் என்ற சின்னக் காருக்காக அவரை வேலை செய்யவைத்துவிட்டு, கடைசியில் காரையே கைவிட்டது. அவர் ஃபோர்டுக்குப் போனார். உதிரி குறைவு, செலவு குறைவு, இடமும் மிச்சம். அதனால் இன்று சின்னக் கார்கள் பெரும்பாலானவற்றின் முன்னால் அவர் பெயர் சொல்லும் கால்கள்தான் நிற்கின்றன. எளிமை என்றால் மாட்டுகிற தொழிற்சாலைக்கு எளிமை. கழற்றுகிறவரைப் பற்றி அவர் ரொம்பக் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை போர்ட்டிகோவில் ஜாக்கி, ஸ்டாண்டு, பாக்ஸ் ஸ்பேனர் செட், வாடகைக்கு எடுத்த ஸ்பிரிங் கம்ப்ரஸர் எல்லாம் வரிசையாக வந்து படுத்தன. வீடியோவில் பார்த்தபோது சுலபமான வேலை. பிரேக் ஹோஸைப் பிடித்திருக்கும் கிளிப்பை எடு, ஏ.பி.எஸ். ஒயரை ஒதுக்கு, ஸ்டெபிலைசர் லிங்க்கைக் கழற்று, கீழே இரண்டு போல்ட், மேலே மூன்று நட்டு, ஸ்ட்ரட் கையோடு வந்துவிடும். துருப்பிடித்த போல்ட்டோடு மல்லுக்கட்டுவதை எடிட்டிங்கில் வெட்டிவிடுவார்கள் என்பது ஜாக்கி ஏற்றிய பிறகுதான் புரிகிறது.

“ஏனுங்க, சாயந்திரம் ரிசப்ஷனுக்கு இந்தக் கார்லதானுங்க போகோணும்?” என்று உள்ளேயிருந்து மனைவியின் குரல்.

பக்கத்து வீட்டுப் பெரியவர் மில்லில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு மூன்றடி ஜி.ஐ. பைப் ஒன்றோடு வந்தார். “நேத்து ராத்திரியே எண்ணெய் விட்டு ஊற வெச்சிருக்கோணும் தம்பி” என்றபடி பைப்பை ஸ்பேனரின் வாலில் சொருகி அமுக்கினார். போல்ட் ஒரு கிறீச்சோடு இறங்கி வந்தது.

ஸ்ட்ரட் வெளியே வந்ததும் நம்மவரின் கை நேராகத் தலையில் இருக்கும் நடு நட்டுக்குப் போனது. பெரியவர் அந்தக் கையைத் தட்டிவிட்டார். “அதுக்குள்ள இருக்கறது மருமவளோட கோவம் தம்பி. அமுக்கிக் கட்டிப்போட்டுட்டுத்தான் மூடியத் தொறக்கோணும்.” இதைவிடச் சுருக்கமான பாதுகாப்புப் பாடம் எந்தக் கையேட்டிலும் இருக்காது. அந்த ஸ்பிரிங் பெரும் விசையோடு அமுங்கி இருக்கிறது. கம்ப்ரஸர் போடாமல் நடு நட்டை எடுத்தால் தாடை போகும், உயிரே போனாலும் போகும். கம்ப்ரஸரின் இரண்டு திருகையும் எதிரெதிராக வைத்து, மாற்றி மாற்றிச் சமமாக முறுக்க வேண்டும். நட்டைச் சுழற்றினால் உள்ளே தண்டும் கூடவே சுழலும். அதை அலென் கீயால் பிடித்துக்கொள்ள மூன்றாவது கை வேண்டும். அது மச்சினனின் கை.

பின்பக்கம் ஒன்றுமில்லை. ஷாக்கின் கீழ் போல்ட்டைக் கழற்றி அச்சைத் தாழ்த்தியதும் ஸ்பிரிங் தானாக உருண்டு வந்தது. அங்கேயும் பெரியவர் ஒரு சட்டம் போட்டார்: ரப்பர் புஷ் இருக்கும் போல்ட்டுகளைக் கார் தரையில் நின்ற பிறகுதான் கடைசி முறுக்கு முறுக்க வேண்டும். தொங்கும்போதே இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். மறுநாளே வீல் அலைன்மென்ட்டும் பார்த்தாக வேண்டும். உயரம் மாறினால் சக்கரத்தின் சாய்வும் திசையும் மாறி டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

கார் அழகாகத்தான் இருந்தது. டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே நான்கு விரல் போன இடத்தில் இப்போது இரண்டு.

சாயந்திரம் வேகத்தடை வந்தது. இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988இல் வகுத்த அளவுப்படி வேகத்தடை 10 செ.மீ. உயரம், 3.7 மீட்டர் அகலம். அப்படிக் கட்டியிருந்தால் இறக்கிய காரும் தாண்டிவிடும். தெருக்காரர்கள் சேர்ந்து கட்டிய வேகத்தடைக்கு அந்தப் புத்தகம் தெரியாது. பட்டுச்சேலையில் மனைவி, பின்னால் அம்மா, மச்சினன், சீர்த்தட்டு. அடிவயிறு உரசிய சத்தத்தில் அம்மா, “எறங்கி நடந்துக்கறேன் கண்ணு” என்றார். அவர் இறங்கியதும் கார் தாண்டியது.

டொக் டொக் சத்தம் போய்விட்டது. வளைவில் கார் அலைபாய்வதும் குறைந்துவிட்டது. இதில் பெரும்பங்கு புது ஸ்ட்ரட்டின் வேலை. கம்பெனி ஸ்பிரிங்கையே திரும்ப மாட்டியிருந்தாலும் கிடைத்திருக்கும். 35 மி.மீ.க்கென்று தனியாகக் கிடைத்தது அந்த இரண்டு விரல் அழகு.

சட்டம் என்ன சொல்கிறது என்பதை நம்மவர் எல்லாம் முடிந்த பிறகுதான் படித்தார். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். காரில் ஸ்பிரிங் நான்கு. அது ஒரு மாற்றமா, நான்கு மாற்றமா என்று விசாரிக்க அவர் இன்னும் ஆர்.டி.ஓ. அலுவலகம் பக்கம் போகவில்லை.