தொட்டில் தர்பார்

பிறந்த குழந்தை நாளுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கும். வீட்டார் கண்ணயரும் வேளையில் மட்டும் அதற்கு வேறு அலுவல் இருக்கும். இரவு பகல் பேதம் பிடிபட ஏறத்தாழ 3 மாதம் ஆகும். அதுவரை தொட்டில் ஆட்டுகிறவருக்குத்தான் முதலில் தூக்கம் வரும்.

கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சி 1949 வரை திருவிதாங்கூர் சமஸ்தானத்து மண். 1813இல் பிறந்த அதன் மகாராஜா சுவாதித் திருநாளுக்காகக் கவிஞர் இரயிம்மன் தம்பி எழுதிய தாலாட்டு முழுக்கப் புகழ்ச்சி. தூங்கச் சொல்லி ஒரு வார்த்தை கிடையாது. மகாராஜாவுக்கு யார் உத்தரவு போடுவது? இன்றைய மணவாளக்குறிச்சித் தொட்டில்களிலும் அதே அந்தஸ்துதான்.

மங்கிய வெளிச்சம், தினமும் ஒரே வரிசையில் பால், பாட்டு, படுக்கை, கண் சொருகும்போதே சமமான படுக்கையில் மல்லாக்கக் கிடத்துவது, சிணுங்கியதும் பாயாமல் சற்றுப் பொறுப்பது ஆகியவை குழந்தையின் தூக்கத்துக்கு உதவும். சீரியல் சத்தத்தைக் குறைப்பதும் உதவும். அதைப் பாட்டியிடம் சொல்லும் பொறுப்பை எந்த மருத்துவரும் ஏற்பதில்லை.